யாரைப் பார்க்க வந்தீங்க? தர்மபுரியில் ஒரு நாள் நடை

வெள்ளி, இரவு

நாளைக்கு தர்மபுரி போகிறேன். தனியாக, ஒரு வேலையும் இல்லாமல். கிருஷ்ணகிரியில் குடியிருந்துகொண்டு தர்மபுரிக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்வது, மாடி வீட்டுக்காரர் கீழ்வீட்டுக்கு டூர் போகிற மாதிரிதான். ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும். பைபாஸில் போகிற பஸ் என்றால் ஒரு மணி நேரம், காவேரிப்பட்டணம், காரிமங்கலம் என்று ஊர் ஊராக நுழைந்து வெளியே வருகிற வண்டியில் ஏறிவிட்டால் கொஞ்சம் கூட ஆகும்.

இத்தனை வருஷத்தில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நான் இறங்காத மாதமே கிடையாது என்று சொல்லலாம். பையன் சேலத்தில் படிக்கிறான், அவனைப் பார்க்கப் போகும்போது அங்கேதான் வண்டி மாறுவேன். கழிப்பறை எங்கே, எந்தக் கடையில் பழைய வடையைச் சுட வைத்துத் தருவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நூறு அடி போனதில்லை.

சின்ன வயதில் தர்மபுரி என்றால் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான், கலெக்டர் ஆபீஸ். 1965 வரை எல்லாம் சேலம் மாவட்டம், அதற்கப்புறம் 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை நாங்களும் தர்மபுரி மாவட்டம். பட்டா மாற்ற, மனு கொடுக்க, கொடுத்த மனு என்ன ஆச்சு என்று கேட்க அப்பா மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போவார், ராத்திரி வெறும் பையோடு திரும்பி வருவார். ஒரு நாளும் எங்களைக் கூட்டிப் போனதில்லை. "அங்க என்ன இருக்கு பாக்கிறதுக்கு?" என்பார்.

நான் மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து வாசலில் நிற்க ஆரம்பித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே கிடையாது. இப்போது மாசி, மரத்தில் பூவும் பிஞ்சுமாக இருக்கிறது, லீவு கேட்டால் உடனே கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நானும் வரட்டுமா?" என்றார். "வேணாங்க, நடக்கப் போறேன்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆட்டோவா கிடைக்காது?" என்றார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது என்று தெரியாமல் தூங்கப் போகிறேன்.

சனி

ஏழரைக்கு தர்மபுரி. வழியெல்லாம் மாந்தோப்பு, நடுநடுவே புளியமரம். ஊருக்குள் நுழையும்போது ராமக்காள் ஏரி வரும். பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், நானும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து முதல் டீக்கடை. மாஸ்டர் சின்னப் பையன்தான், இருபத்தைந்து இருக்கும். டீயைக் கொடுத்துக்கொண்டே, "யாரைப் பாக்க வந்தீங்கக்கா?" என்றான். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. சும்மா வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏன் வரவில்லை என்று இப்போதும் தெரியவில்லை. "ஆஸ்பத்திரியில ஒருத்தங்களைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து எந்த வார்டு, என்ன நோய், சாப்பிட ஏதாவது வாங்கிட்டீங்களா என்று ஆரம்பித்தார். மாஸ்டர் கடையை விட்டு இறங்கி வந்து ஷேர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டான். "நடந்தே போறேன் தம்பி, காலைல நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று இரண்டாவது பொய்யைச் சொல்லி, அவர்கள் கண்ணில் இருந்து மறையும் வரை ஆஸ்பத்திரி இருக்கிற பக்கமாகவே நடந்து, அப்புறம் ஒரு சந்தில் திரும்பி வந்தேன். பொய் சொன்னால் கூடுதலாக அரை கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது.

அந்த டீக்கடையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பும்போது பக்கத்தில் நின்ற அம்மா, "இது ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தார். எங்கள் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கும் இந்தக் கேள்வி பழக்கம். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கோடு விழும், முற்றினால் எலும்பையும் பிடிக்கும். எங்கள் அம்மாவின் பல் அப்படித்தான் இருக்கும். வெற்றிலை போட்டதால் வந்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அம்மா வெற்றிலையே போட மாட்டாள் என்பது உறைக்கவே இல்லை. ஜப்பான் கடனில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது. என் பையனுக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது.

நான்கு ரோடு பக்கம் அரசு பட்டுக்கூடு அங்காடி. உள்ளே விடுவார்களா என்று தயங்கி வாசலில் நின்றேன். மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், "கூடு கொண்டாந்திருக்கீங்களா?" என்றார். இல்லை, சும்மா பார்க்கத்தான் என்றேன். இந்த முறை வந்துவிட்டது. அவர் அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை, "வாங்க, வந்து பாருங்க" என்று கூட்டிப் போனார், பென்னாகரம் பக்கத்து விவசாயி. தட்டு தட்டாகக் கொட்டி வைத்த வெள்ளைக் கூடுகள், தூரத்தில் இருந்து பார்த்தால் வேர்க்கடலையைச் சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி. வாசனை மட்டும் அவ்வளவு நன்றாக இல்லை, உள்ளே புழு இருக்கிறதல்லவா.

ஒரு கூட்டை எடுத்து என் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே டொக் டொக் என்று ஏதோ உருண்டது. "கேக்குதா? முழுசா கட்டி முடிச்சு உள்ள கூட்டுப்புழு ஆயிடுச்சுன்னு அர்த்தம். சத்தம் கேக்கலன்னா ஏலத்துல அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க." புழு முட்டையிலிருந்து பொரிந்து வந்து நாலு தடவை தோலுரித்து, ராத்திரி பகல் பாராமல் மல்பெரி இலையைத் தின்று, ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கடைசி வாரம் அது இலை தின்கிற சத்தம் ஓட்டு வீட்டில் மழை பெய்கிற மாதிரி கேட்குமாம். சந்திரிகை என்கிற, புழு கூடு கட்டுகிற தட்டில் ஏற்றியதும் வாயிலிருந்து நூல் விட ஆரம்பிக்கும், ஒரு கூட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நூல். நான் டீக்கடைக்காரனுக்குப் பயந்து நடந்ததைப் போல இரண்டு மடங்கு! கூட்டை எடுத்த சில நாளில் விற்றாக வேண்டும், வைத்திருந்தால் அந்துப்பூச்சி கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு வந்துவிடும், அப்புறம் நூல் எடுக்க முடியாது. "ராம்நகர்ல விலை கூட கிடைக்கும்தான், ஆனா வண்டிச் செலவு யாரு கொடுப்பா?" என்றார். ராம்நகர் கர்நாடகத்தில் இருக்கிற பெரிய கூட்டுச் சந்தை. ஏலம் ஆரம்பித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இனி பேசக் கூடாது என்று புரிந்து கிளம்பினேன். என்ன விலைக்குப் போனது என்று தெரிந்துகொள்ளாமல் வந்தது இப்போது உறுத்துகிறது.

சின்னசாமி நாயுடு தெரு, ஆறுமுக ஆசாரித் தெரு என்று கடைத்தெருவைச் சுற்றினேன். ஜவுளி, பாத்திரம், நகை, செல்போன் கவர். எந்த ஊரிலும் இருப்பதுதான். பெயர்ப் பலகைகளில் மட்டும் ஊர் தெரிகிறது, பாதிக் கடை அதியமான், மீதிக் கடை தகடூர். தகடூர் இந்த ஊரின் பழைய பெயர், அதியமான் அதை ஆண்டவன். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அடித்து நொறுக்கிய ஊர், அவனுக்குப் பட்டமே 'தகடூர் எறிந்த' என்றுதான். எறிந்து இரண்டாயிரம் வருஷம் போல ஆகியும் தோற்றவன் பெயரில்தான் ஜெராக்ஸ் கடை நடக்கிறது, சேரன் பெயரில் ஒரு கடைகூட என் கண்ணில் படவில்லை. அவ்வைக்குக் கொடுத்த ஒரே ஒரு நெல்லிக்காய்க்கு இவ்வளவு விளம்பரம்.

இங்கேதான் வலது கால் செருப்பின் வார் அறுந்தது. நடக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தவளுக்கு இது வேண்டும். செருப்பை இழுத்து இழுத்துப் போய் ஒரு மரத்தடியில் தைப்பவரைக் கண்டுபிடித்தேன். அறுபதுக்கு மேல் இருக்கும். நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து ஒரு பழைய செருப்பை என் காலடியில் தள்ளி, "மண்ணு சுடும், அது மேல வைம்மா" என்றார்.

ஊசியை மெழுகுத் துண்டில் இரண்டு தரம் தேய்த்தார். வாரை உள்ளே செருகி, கீழிருந்து ஊசியைக் குத்தி, மேலே வந்த நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் கட்டை விரலால் ஒரு அழுத்து. ஏழு தையல். அப்புறம் சின்னச் சுத்தியலால் தையல் மேலேயே நாலு தட்டு. "தனியாவா வந்தீங்க?" ஆமாம். "யாரு வீட்டுக்கு?" யார் வீட்டுக்கும் இல்லைங்க, ஊரைப் பார்க்க வந்தேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். "நான் இங்க முப்பது வருஷமா உக்காந்திருக்கேன். ஊரைப் பாக்கணும்னா இப்பிடி உக்காரணும், நடந்தா என்னா தெரியும்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. "இடது காலும் இன்னும் ரெண்டு நாள்தான் தாங்கும், அதுக்கும் போட்டுரட்டுமா?" வேண்டாம், நன்றாகத்தானே இருக்கிறது என்று இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கோட்டைக் கோயிலுக்கு நடை சாத்துவதற்குள் போகணும் என்று வேகமாக நடந்தேன். கோட்டை என்று பெயர்தான், மதில் ஒன்றையும் காணோம். போகிற வழியில் ஒரு சாக்கடையைத் தாண்டும்போது, இதுதான் சனத்குமார நதி என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் சொன்னான். நதி என்ற சொல்லை அவன் சிரிக்காமல் சொன்னான்.

மல்லிகார்ஜுனேஸ்வரர், காமாட்சி அம்மன். ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் இந்தப் பக்கத்தை ஆண்ட நுளம்பர்கள் காலத்து வேலைப்பாடு. எல்லோரும் பார்ப்பது தொங்கும் தூணை. என்னோடு உள்ளே வந்த குடும்பத்தில் ஒரு சின்னப் பெண் பஸ் டிக்கெட்டை எடுத்துத் தூணுக்கும் தரைக்கும் நடுவே நுழைத்து அந்தப் பக்கம் எடுத்தாள், அவள் தம்பி தனக்கும் வேண்டும் என்று அழுதான், அவனுக்கு என் டிக்கெட்டைக் கொடுத்தேன். தூண் பெரிய ஆச்சரியம்தான், ஆனால் எனக்குப் பிடித்தது அம்மன் சந்நிதியின் அடித்தளம். கல்லில் ஒரு சாண் உயரம்கூட இருக்காத சின்னச் சின்ன உருவங்களாக ராமாயணம் ஓடுகிறது. நின்று பார்த்தால் ஏதோ பூ வேலை மாதிரிதான் இருக்கும். முட்டி போட்டு உட்கார்ந்தால்தான் வில் பிடித்த கை தெரிகிறது, குரங்கின் வால் தெரிகிறது. பல மூக்குகள் தேய்ந்துவிட்டன, ஒரு இடத்தில் எண்ணெயும் குங்குமமும் அப்பி யார் யாரென்றே தெரியவில்லை. அரைமணி நேரம் தவழ்ந்தேன். அர்ச்சகர் வந்து, "ஏதாவது தொலைச்சிட்டீங்களாம்மா?" என்றார். செருப்பு தைக்கிறவர் சொன்னது சரிதான், உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அப்பாவின் மஞ்சள் பை ஞாபகம் வந்தது. 1792-இல் திப்பு தோற்று பாராமகால் கம்பெனி கைக்குப் போனது, கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் அதில் அடக்கம். வரி போடுவதற்கு அலெக்சாண்டர் ரீடு என்ற ராணுவ அதிகாரியை அனுப்பினார்கள், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ வருஷக்கணக்கில் இந்தத் தர்மபுரியில் குடியிருந்தார். நடுவில் ஜமீன்தார் வேண்டாம், நிலத்தை அளந்து உழுகிறவன் பெயரிலேயே தீர்வை போடு என்ற ரயத்துவாரி முறையை அவர்கள் பழகிப் பார்த்தது எங்கள் காட்டிலும் மேட்டிலும்தான். அப்புறம் மன்றோ மதராஸ் கவர்னராகப் போனார், அந்த முறையும் மாகாணம் பூராவும் பரவியது. அப்பா பட்டாவுக்காக அலைந்த ஊரிலேயே பட்டாவின் பாட்டனும் பிறந்திருக்கிறான். தெரிந்திருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார்? "அதுக்கு என்ன, கையெழுத்து ஆயிடுமா?" என்றிருப்பார்.

சாப்பாடு. களி கிடைக்கிற ஒரு மெஸ். "எத்தனை பேரு?" ஒருத்தர். "மத்தவங்க அப்புறமா வராங்களா?" இல்லை. "ஃபேமிலி ரூம் உள்ள இருக்குதுங்க." நான் மட்டும்தான் என் ஃபேமிலி என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை, வெளியே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். கேழ்வரகுக் களி உருண்டை, கீரைக் கடைசல், கருவாட்டுக் குழம்பு. களியை மெல்லக் கூடாது, கிள்ளிக் குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பையன் ஒருவன் சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டிருந்தான், பாவமாக இருந்தது, சொல்லிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் நடுகல் அகழ்வைப்பகம். இரண்டு மணி வெயிலில் நான் ஒருத்திதான். "பையனுக்கு ப்ராஜெக்டா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். இந்தக் காரணம் எனக்கே தோன்றாமல் போனதே என்று இருந்தது.

வரிசையாகக் கல். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன், புலியோடு சண்டை போட்டுச் செத்தவன். பழைய தமிழில் தொறு என்றால் மாட்டு மந்தை, தொறு மீட்டுப் பட்டான் என்று எழுதியிருந்தால் மந்தையை மீட்டுவிட்டுச் செத்தான் என்று அர்த்தம். ஒரு கல்லின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். இடது கையில் வில், வலது கையில் வாள், கொண்டையைத் தூக்கிக் கட்டியிருக்கிறான், ஒரு காலை முன்னால் வைத்து அடுத்த அடி எடுக்கப் போகிறவன் மாதிரி. காலடியில் மூக்கு வைத்த ஒரு கெண்டி, பக்கத்தில் சின்னச் சிமிழ். போகிற இடத்தில் குடிக்கத் தண்ணியோ கள்ளோ வேண்டும் என்று ஊர்க்காரர்கள் நினைத்திருப்பார்கள் போல. மேலே இருந்த வட்டெழுத்தில் எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. இந்த வகைக் கற்களில் நாய்க்குக்கூட இடம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்தில், எசமானன் செத்த பிறகும் கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் உருவத்தையும் பெயரையும் அந்த எசமானனின் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். ஒரு நாள் அங்கேயும் போக வேண்டும்.

என் பாட்டனின் பாட்டன் யாரென்று எனக்குத் தெரியாது, ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்திய நாயின் பெயர் தெரிகிறது.

நாலு மணிக்கு மேல் குமாரசாமிப்பேட்டை. சிவசுப்பிரமணிய சுவாமி கோயில். தைப்பூசத் தேரைப் பெண்கள் மட்டுமே வடம் பிடித்து இழுக்கிற கோயில் இது. தேர் இப்போது கூரைக்குள் நிற்கிறது, போன மாதம்தான் ஓடியிருக்கும். சக்கரம் என் தோள் உயரம். தொட்டுப் பார்த்தேன், அடுத்த தைக்கு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், இப்படி நினைத்துக்கொண்டதில் பாதிகூட நடப்பதில்லை.

திரும்பும் வழியில் ஒரு தெரு பூராவும் புளி வாசனை. வீட்டு வாசலில் சாக்கை விரித்து ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓடு தட்டி எடுத்த புளியை ஒருத்தி கல்லில் வைத்து இரும்புக் கம்பியால் ஒரு தட்டு, கொட்டை தெறிக்கும், இன்னொருத்தி நாரை உரித்துப் போடுவாள். மாசி பங்குனியில் எங்கள் ஊரிலும் இதுதான். வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டுப் போவார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கண் நடுத்தெருவில் இருக்கிறது, வாய் பேசிக்கொண்டே இருக்கிறது, கை தப்பவே இல்லை.

"யாரைத் தேடுற கண்ணு?" என்றார் ஒரு பாட்டி. காலை முழுக்க இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "யாரையும் இல்ல ஆயா, சும்மா நடந்துட்டு வரேன்" என்றேன். "அப்பிடின்னா உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். கையில் ஒரு கம்பியைக் கொடுத்துவிட்டார்கள்! ஒரு மணி நேரம் புளி தட்டினேன், முதல் பத்து நிமிஷத்திலேயே கட்டை விரலில் ஒன்று போட்டுக்கொண்டேன். என் வேலை எவ்வளவு லட்சணம் என்றால், நான் தட்டியதை அந்தப் பாட்டி பேசாமல் எடுத்துத் திரும்பத் தட்டினார். கிளம்பும்போது ஒரு கை பூப்புளியைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார்கள். கூலியாம்.

ஆறரை பஸ். ஏரி இருட்டில் தெரியவில்லை. காரிமங்கலம் தாண்டியதும் தூங்கிவிட்டேன், கண்டக்டர் எழுப்பி, கிருஷ்ணகிரி வந்துடுச்சு என்றார்.

ஞாயிறு

குதிகால் இரண்டும் வீங்கியிருக்கிறது. போனில் பார்த்தால் பதினெட்டு கிலோமீட்டர் காட்டுகிறது, டீக்கடைப் பொய்யையும் சேர்த்து. அதியமான்கோட்டைக்குப் போகவில்லை, அது ஊருக்கு வெளியே சேலம் ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர், காலபைரவர் கோயிலும் சுவர் ஓவியம் இருக்கிற பெருமாள் கோயிலும் அங்கே இருக்கின்றன. அதற்கு இன்னொரு சனிக்கிழமை.

காலையில் பக்கத்து வீட்டக்கா காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நேத்து தர்மபுரியில என்ன விசேஷம்? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். பூப்புளியில் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு, கிலோ எவ்வளவு சொன்னான் என்றார்.

வீட்டுக்காரர் போட்டோ எல்லாம் பார்த்தார். நடுகல்லைப் பெரிதாக்கி, அந்தக் கெண்டியைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த தடவை நானும் வரேன், பின்னாடியே நடந்து வரேன், பேச மாட்டேன்" என்றார். யோசிக்கிறேன்.

மத்தியானம் பால் வாங்கக் கடைக்குக் கிளம்பினேன். வாசல்படியைத் தாண்டவில்லை, இடது கால் செருப்பின் வார் அறுந்துவிட்டது. வலது காலில் அந்த ஏழு தையலும் அசையாமல் இருக்கிறது.